கருப்பு எண்ணெயும் கழிவு நூலும்

என் லாரிக்கு எண்ணெய் மாற்ற நான் வேறு எவனையும் விட்டதில்லை. எனக்குத் திறமை அதிகம் என்று சொல்ல வரவில்லை. தென்காசியில் ஒரு மெக்கானிக், இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் வடிக்கிற போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கி மரையைக் கெடுத்துவிட்டான். கேட்டேன். "பழைய வண்டி அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்" என்றான். அங்கேயே சண்டை போட்டுவிட்டு வந்தேன். அதன் பிறகு வீட்டில் வைத்து நானே மாற்றிக்கொண்டேன். யாரோடாவது சண்டை போடுவது, அப்புறம் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையை நானே செய்வது என்று என் காலம் போயிற்று. சமையல்கூட அப்படிப் படித்ததுதான்.

ஐம்பதுகளின் கடைசி அது. லாரி யுத்த காலத்து லாரி. ராணுவத்தில் கழித்துப்போட்டதை ஒருவன் ஏலத்தில் எடுத்து, அவனிடம் இன்னொருவன் வாங்கி, கடைசியில் என் தலையில் வந்து விழுந்தது. பச்சைப் பெயிண்ட்டுக்கு மேல் நான் அடித்த நீலம் நிற்கவே இல்லை. ஒரு மழைக்கு உரிந்து பச்சை பல்லைக் காட்டியது. செங்கோட்டை, புளியரை வழியாக மலை ஏறி அந்தப் பக்கம் வெங்காயமும் காய்கறியும் கொண்டுபோவேன். வரும்போது மரம், இல்லாவிட்டால் இஞ்சி. ஓட்டுகிறவனும் நான், சொந்தக்காரனும் நான். கிளீனர் வைத்துப் பார்த்தேன். என் வாய்க்கு ஒருவனும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை.

தென்காசியை விட்டு மேலகரம் போகிற ரோட்டை ஒட்டி ஒரு தெருவில் வீடு. இரண்டு இடத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் நானே பேசிக் கெடுத்தேன். அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் லாரியும்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் வீடு. கைலியும் துண்டும் நெய்கிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருடையது குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கிற தறி. விடிந்ததில் இருந்து அந்தச் சத்தம் என் வீட்டுச் சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போக, அந்தச் சத்தம் நின்றால்தான் என்ன ஆயிற்று என்று தலையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சாரல் நாளில் ஈரத் தரையில் சாக்கை விரித்து, லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேல் தலை தெரிந்தது.

"அண்ணாச்சி, மையத்து கணக்காப் படுத்துக்கிட்டு என்ன வேலை பாக்கீய?"

"எண்ணெய் மாத்துதேன். பொணம் மாதிரி படுக்காம வேற எப்படி மாத்த?"

"ஒரு குழி வெட்டுங்க. நான் இருவது வருசமாக் குழிக்குள்ளதான் பொழைக்கேன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அடுத்த வாரம் அவரே மண்வெட்டியோடு வந்தார். நான் கூப்பிடவில்லை. இரண்டு நாள் இருவருமாக வெட்டினோம். அந்தப் பக்கத்து மண்ணில் எவ்வளவு ஆழத்தில் ஈரம் சுரக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். நெஞ்சு உயரத்தோடு நிறுத்தச் சொல்லி, அடியில் உடைகல் பரப்பச் சொன்னார். லாரியின் முன் சக்கரம் இரண்டும் குழிக்கு இரண்டு பக்கமும் நிற்க, நான் நடுவில் நின்று வேலை செய்யலாம். கழுத்துதான் வலிக்கும்.

எண்ணெய் மாற்றும் முன் இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்து கிடந்தால் அழுக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு, எண்ணெய் மட்டும் வடியும். அதனால் முதலில் குற்றாலம் வரை ஓட்டிப் போவேன். அருவி இரைச்சல் காதில் விழுகிற இடத்தில் வண்டியைத் திருப்பிவிடுவேன். சீசன் நாளில் ரோடு முழுக்க ஆட்கள். குடும்பம் குடும்பமாக வந்து, தலையிலும் உடம்பிலும் எண்ணெய் வழிய, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். ஹாரன் அடித்தால்கூட நகர மாட்டார்கள். அத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் இறங்கிக் குளித்ததில்லை. ஒற்றை ஆளாக அருவியில் நிற்க எனக்கு என்னவோ போல இருக்கும்.

வீட்டுக்கு வந்து வண்டியைக் குழி மேல் நிறுத்தினால், இன்ஜின் சத்தம் அடங்கவும் பாயின் தறிச் சத்தம் அடங்கும். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார். ஒரு கையில் சாயாத் தூக்கு, மறு கையில் ஒரு பொட்டலம். அதில் கழிவு நூல் இருக்கும். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் முடிந்து துணியை அறுத்து எடுக்கும்போது தறியில் மிஞ்சுகிற நுனிகள் அவை. சிவப்பும் நீலமும் பச்சையுமாக, ஒரு முழத் துண்டுகள். கை துடைக்க அதைப் போல எதுவும் கிடையாது. குழி ஓரத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்காருவார். நான் போல்ட்டைக் கழற்றியதும் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க முழங்கை வழியாக இறங்கும். நீளவாக்கில் வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை அடியில் வைத்துப் பிடிப்பேன்.

"இதையா அண்ணாச்சி வண்டி குடிக்குது? தார் மாதிரிலா இருக்கு."

"ஒம்ம வீட்டுச் சாயாவ விட நல்லாத்தான் இருக்கும்."

"அந்தச் சாயாவத்தான் இப்பம் ரெண்டு கிளாஸ் குடிச்சீய."

வடித்த கருப்பு எண்ணெய் முழுவதும் அவருக்கு. தறியின் கால்கள் மண்ணுக்குள் புதைந்து நிற்பவை. அந்த மண்ணில் கரையான் அதிகம். கருப்பு எண்ணெயைத் தடவி வைத்தால் கரையான் அண்டாது. அவர் நூல் எனக்கு, என் எண்ணெய் அவருக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இது நடக்கும். என் வீட்டுக்கு ஒரு மனிதர் வந்து உட்காருகிற நாளும் அது ஒன்றுதான்.

ஒரு தடவை பேச்சு மும்முரத்தில் போல்ட்டை மாட்டாமலே மேலே புது எண்ணெயை ஊற்றிவிட்டேன். பாதி எண்ணெய் குழிக்குள் போயிற்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாய் வாளியில் இருந்து விழுகிற மாதிரி சிரித்தார். அதற்கு அப்புறம், நான் புது டின்னைக் கையில் எடுத்ததும் அவர் தவறாமல் கேட்பார்.

"போல்ட்ட மாட்டியாச்சா அண்ணாச்சி?"

"மாட்டியாச்சு பாய்."

இந்த ஒரு கேள்வியை எரிச்சல்படாமல் நான் நாலைந்து வருஷம் பொறுத்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை போல்ட்டைக் கழற்றினால் மட்டும் போதாது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்குகிற தொட்டி உண்டு. சேம்பர் என்போம். அதையே இறக்கி, அடியில் உறைந்த கறுப்புச் சேற்றை வழித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து மாட்ட வேண்டும். அன்றைக்கு நான் சேம்பரைக் கழுவிவிட்டு, பாய் கொண்டுவந்த நூலில் ஒரு பிடி எடுத்து உள்ளே வைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அதுவரை சேம்பருக்கு உள்ளே பழைய வேட்டிதான் போடுவேன். வேட்டி வீட்டுக்குள் கொடியில் கிடந்தது. எண்ணெய்க் கையோடு குழியில் இருந்து ஏறிப் போக எனக்குச் சோம்பல்.

"அண்ணாச்சி, அது முனை பூரா அறுத்த நூலு. பிசிறு உதிரும். வெளிய தொடைங்க. உள்ள விடாதீய."

"பாய், நீரு தறியப் பாரும். வண்டிய நான் பாக்கேன்."

"சரி அண்ணாச்சி" என்றார். அன்றைக்கும் போல்ட்டைப் பற்றிக் கேட்டார். அன்றைக்கும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்துப் புளியரை ஏற்றத்தில், முழு லோடோடு, எண்ணெய் மீட்டரின் முள் சரசரவென்று இறங்கியது. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து விரலால் தட்டினேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். இன்னும் இரண்டு வளைவு ஏறினேன். உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. பிறகு இன்ஜின் ஒரு தடவை உதறிவிட்டு நின்றது.

லோடை வேறு வண்டிக்கு மாற்றி, என் வண்டியைக் கயிறு கட்டித் தென்காசிக்கு இழுத்து வந்தார்கள். அந்தப் பழைய ராணுவ இன்ஜினைப் பிரிக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான். போல்ட் மரையைக் கெடுத்த அதே மெக்கானிக். அவன் முன்னால் போய் நின்றேன். அவன் சேம்பரை இறக்கினான். எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அந்தச் சல்லடையை மூடிக்கொண்டு குருவிக்கூடு மாதிரி ஒரு கறுப்பு உருண்டை. அவன் அதைக் கையில் எடுத்துப் பிய்த்தான். நடுவில் ஒரு சிவப்பு நூல்.

"அண்ணாச்சி, உள்ள ஒரு தலவாணியே தைக்கலாம் போலுக்கே" என்றான். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "எண்ணெய் மாத்தத் தெரிஞ்சவுகள்லாம் வீட்ல வச்சு மாத்தட்டும். நாங்க என்ன சொல்லப் போறோம்?"

நான் வாயை மூடிக்கொண்டு ஒரு இடத்தை விட்டு வந்தது அதுதான் முதல் தடவை. அங்கே அடக்கிய கோபம் முழுவதையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பாய் வீட்டு வாசலில் தென்காசி ஜவுளி வியாபாரி நின்றுகொண்டிருந்தார். பாய்க்கு நூல் கொடுத்து, நெய்த துணியை வாரா வாரம் வாங்கிக்கொண்டு போகிறவர். கையில் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை.

"பாய், வெளிய வாரும்."

வந்தார். "என்ன அண்ணாச்சி, நடந்து வாரீய? வண்டி எங்க?"

"வண்டியா? ஒம்ம நூலு தின்னுட்டுவே என் வண்டிய. இத்துப்போன நூலு. எண்ணெய் பட்ட ஒடனே பஞ்சா உதிருது. இதத்தான் துணின்னு நெய்து ஊரை ஏமாத்துதீரா?"

தெருவில் கதவுகள் திறந்தன. பாய் குரலை உயர்த்தவில்லை.

"உள்ள விடாதீயன்னு அன்னைக்கே சொன்னேனே அண்ணாச்சி."

"நீரு ஒண்ணும் சொல்லல."

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நூல் இத்துப்போனது என்று சொன்னதைக் கோபத்தில் உளறியது என்று வைத்துக்கொள்ளலாம். 'நீரு ஒண்ணும் சொல்லல' என்று சொன்னபோது எனக்குத் தெளிவாகத் தெரியும். குழி ஓரத்தில், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அவர் சொன்னது அப்போதும் என் காதில் இருந்தது.

பாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். வியாபாரி கையில் இருந்த துண்டை வெயிலில் விரித்து, இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

அடுத்த வாரம் வியாபாரி துணி எடுக்க வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. நூல் இல்லாமல் தறிச் சத்தம் நின்றுபோயிற்று. லாரி பட்டறையில் கிடந்தது. நான் வீட்டில் கிடந்தேன். அந்த இரண்டு மாதம் பகல் முழுக்கச் சுவரில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் குடித்தால் என் தொண்டையில் இறங்குவது எனக்கே கேட்டது. பிறகு ஒரு நாள் தறி மறுபடி ஓடியது. ஆனால் அடியின் தாளம் மாறியிருந்தது. வேறு ஒருவருக்குச் சாக்கு மாதிரி முரட்டுத் துணி நெய்கிறார் என்று தெருவில் சொன்னார்கள். பாய் என்னைக் கண்டால் ஒதுங்கவும் இல்லை, பேசவும் இல்லை. கம்பத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போவார்.

லாரி திரும்பி வந்தது. எண்ணெய் மாற்றுகிற நாளும் வந்தது. குற்றாலம் போனேன், திரும்பினேன், குழியில் இறங்கினேன். வடித்த எண்ணெயைத் தகரத்தில் ஊற்றி வேலி ஓரம் வைத்தேன். யாரும் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டாவது தகரம். பிறகு மூன்றாவது. சாரல் விழுந்து தகரங்களில் தண்ணீர் தேங்கியது. எண்ணெய் மேலே மிதந்து, வழிந்து, வேலிச் செடி ஒரு பாகம் கருகிப்போயிற்று. தெருவில் வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். வாங்கிப் போ என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமானவர்கள் யாரும் இல்லை. சாரல் காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். முன்பெல்லாம் நான் உள்ளே நின்று வாளியை நீட்ட, மேலே பாய் வாங்கி ஊற்றுவார். இப்போது ஒவ்வொரு வாளிக்கும் நானே ஏறி இறங்கினேன்.

நாலாவது தகரம் வைத்த அன்று வேலி இடுக்கு வழியாகப் பார்த்தேன். பாய் தன் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு தறிக்காலைப் பிடுங்கிப் போட்டிருந்தார். மண்ணில் புதைந்திருந்த பாகம் முழுக்கப் புற்று. கையால் தட்டினார். அப்படியே பொலபொலவென்று கொட்டியது. என் பக்கம் நாலு தகரம் எண்ணெய் நிற்கிறது.

ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன்.

"பாய்."

வந்து நின்றார்.

"நூல் மேல தப்பு இல்ல. நீரு சொன்னீரு. நான்தான் கேக்கல."

"இது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி."

"அதான் சொல்லுதேன்."

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அன்னைக்கு எங்கிட்டயா சொன்னீய? தெருவுக்குலா சொன்னீய."

தகரத்தை அவர் தொடவில்லை. நான் தூக்கிக்கொண்டு திரும்பினேன். எண்ணெய் தளும்பி வேட்டியெல்லாம் கறை.

மறுநாள் தென்காசியில் அந்த வியாபாரி கடைக்குப் போனேன். வாசலை மூன்று தடவை கடந்து போனேன். நாலாவது தடவை உள்ளே ஏறினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் துணி அளந்துகொண்டே கேட்டார்.

"இதச் சொல்ல ஒரு வருசம் ஆச்சா ஒமக்கு?"

"ஆச்சு."

"அவரு நெசவு எனக்குத் தெரியாதா? நீரு போட்ட சத்தத்துல தெருவே பாத்துட்டு. கடைப் பேரு கெட்டுரும்னு நிறுத்தினேன். இப்பம் எங்கிட்ட வந்து காதுல ஓதினா ஆச்சா? நாளைக்கு நான் அங்கன வாரேன். அன்னைக்கு நின்ன இடத்துலயே நின்னு சொல்லும். நூலு நான் தாரேன்."

சொன்னபடி வந்தார். நான் பாய் வீட்டு வாசலில் நின்றேன். என் தொண்டைக்குக் கூட்டம் சேர்ப்பது கஷ்டம் இல்லை. முதல் வார்த்தைக்கே கதவுகள் திறந்தன.

"அவரு நூலு நல்ல நூலு. உள்ள விடாதீயன்னு அவரு எங்கிட்டச் சொன்னாரு. நான் கேக்கல. என் வண்டி என்னாலதான் போச்சு. அவரு ஒண்ணும் சொல்லலன்னு நான் சொன்னது பொய்."

எதிர்வீட்டுக்காரி, "இம்புட்டுத்தானா? அடுப்ப அணைச்சுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாய் நிலைப்படியில் நின்று கேட்டார். வியாபாரியைப் பார்த்து, "உள்ள வாங்க" என்றார். என்னைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தார். அவ்வளவுதான்.

அந்த வாரமே தறியின் பழைய அடி திரும்ப வந்துவிட்டது. துண்டு நெய்கிற சத்தம் எது, முரட்டுத் துணியின் சத்தம் எது என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரியும்.

அடுத்து எண்ணெய் மாற்றுகிற அன்று குற்றாலம் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தினேன். தறிச் சத்தம் நிற்கவில்லை. குழி ஓரத்தில் கவிழ்த்த வாளி மேல் ஏதோ இருந்தது. பழைய வெள்ளைத் துணி, துவைத்து மடித்தது. விரித்துப் பார்த்தேன். நாலு ஓரமும் மடித்துத் தைத்திருந்தது. ஒரு பிசிறு உதிராது. அதைக் கொண்டு சேம்பருக்கு உள்ளேயும் துடைக்கலாம், வெளியேயும் துடைக்கலாம்.

வடித்த எண்ணெயை வேலி ஓரம் வைத்தேன். காலையில் தகரம் காலியாக, கழுவி, என் பக்கம் இருந்தது. அதன் பிறகு அந்த லாரியை நான் வைத்திருந்த வரை அப்படித்தான். ஆறேழு வருஷம். எண்ணெய் போகும், துணி வரும். பாய் வந்து உட்காரவில்லை. நானும் வாரும் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். வாய் என்று ஒன்று இருந்தும் அந்த ஒரு வேலைக்கு அது உதவவில்லை.

குழிக்குள் நின்று, புது டின்னைக் கையில் எடுக்கும்போது நானே சத்தமாகக் கேட்டுக்கொள்வேன்.

"போல்ட்ட மாட்டியாச்சா அண்ணாச்சி?"

"மாட்டியாச்சு பாய்."

ஒரே ஒரு தடவை, இதைச் சொன்னபோது சுவருக்கு அந்தப் பக்கம் தறி நின்றது. நான் டின்னைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் கையை உயர்த்தி, போல்ட்டை விரலால் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே ஏறி எண்ணெயை ஊற்றினேன்.